ஒற்றை வாக்கி டாக்கியைப் பழைய சாமானில் போடாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

பழுதான மின்னணுச் சாமான்களை வீட்டு வாசலிலேயே வாங்கிக்கொள்ளும் வண்டி கோத்தகிரிப் பக்கம் வருவதாக உங்கள் நீலகிரிப் பக்கத்தில் செய்தி போட்டிருந்தீர்கள். நல்ல காரியம். ஓடையிலும் சோலை ஓரத்திலும் பழைய டிவியையும் செல்போன் பேட்டரியையும் கொட்டுவதைப் பார்த்து வயிறு எரிந்தவள் நான். ஆனால் செய்தியோடு வந்த படத்தில், குவியலின் உச்சியில், சாம்பல் நிற வாக்கி டாக்கி ஒன்று ஏரியல் வளைந்துபோய் ஒற்றையாகக் கிடந்தது. பிள்ளைகள் விளையாடுகிற செட். அதைப் பார்த்த நாளிலிருந்து மனசு ஆறவில்லை. அதற்காகத்தான் இந்தக் கடிதம்.

கோத்தகிரியில் ரேடியோ, டிவி, மிக்ஸி பழுது பார்க்கும் சின்னக் கடை வைத்திருக்கிறேன். பாலிடெக்னிக்கில் எலக்ட்ரானிக்ஸ் படித்தேன். அந்தப் படிப்புக்கு நான் போனதற்குக் காரணமே இப்படி ஒரு ஜோடி வாக்கி டாக்கிதான்.

எங்கள் அப்பா அம்மா, தோட்டத் தமிழர்களை இந்தியாவுக்கு அனுப்ப 1964ல் போட்ட சிறிமாவோ – சாஸ்திரி ஒப்பந்தப்படி இலங்கையிலிருந்து வந்தவர்கள். தமிழ்நாடு அரசின் டான்டீ தேயிலைத் தோட்டத்தில் வேலை. சித்தப்பா மட்டும் தலவாக்கலையிலேயே இருந்துவிட்டார். 1982ல் அவர் எங்களைப் பார்க்க வந்தார். தலைமன்னார் – ராமேஸ்வரம் கப்பல் ஓடிக்கொண்டிருந்த காலம் அது. இலங்கையில் 1977க்குப் பிறகு வெளிநாட்டுச் சாமான் தாராளமாக இறங்கியது. ஊருக்கு வருகிறவர்கள் சோப்பு, சேலை, ரேடியோ என்று கொண்டுவருவார்கள். சித்தப்பா கொழும்பு புறக்கோட்டையில் வாங்கிய இரண்டு வாக்கி டாக்கிகளைத் துண்டில் சுற்றிக் கொண்டுவந்தார். ஆரஞ்சு நிறத்தில் பேசும் பொத்தான். முகப்பில் தந்தியில் அனுப்புகிற மோர்ஸ் எழுத்துகளின் புள்ளியும் கோடும் அச்சடித்திருந்தது. எனக்குப் பத்து வயது, அண்ணனுக்குப் பதின்மூன்று.

அண்ணன் உயர்நிலைப் பள்ளி பக்கம் என்று எதிர்ச்சரிவில் அத்தை வீட்டில் தங்கிப் படித்தான். நான் இந்தப் பக்கம் லயத்தில், அதாவது தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டில். நடுவில் ஓடையும் தேயிலைச் சரிவும். பாதை வழியாக இறங்கி ஏறினால் அரை மணி நேரம். சமீபத்தில் கூகுள் மேப்பில் நேர்கோட்டில் அளந்து பார்த்தேன், 640 மீட்டர்தான். ராத்திரி ஏழு மணிக்கு இரண்டு பேரும் செட்டைப் போடுவோம். ஐந்து நிமிஷம்தான். 9 வோல்ட் பேட்டரி தீர்ந்தால் அடுத்தது வாங்க அப்பாவின் சம்பள நாள் வரை காத்திருக்க வேண்டும்.

இந்த செட் வேலை செய்கிற விதத்தைக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். அது புரிந்தால்தான் எது பழுது, எது பழுதில்லை என்று தெரியும். இந்த மாதிரி விளையாட்டு செட்டுகளில் சிக்னலைப் பெருக்கும் டிரான்சிஸ்டர் மூன்று, நான்குதான் இருக்கும். அதில் ஒன்று, சொந்தமாக அதிர ஆரம்பித்து, உடனே அடங்கி, மறுபடி ஆரம்பித்து என்று நொடிக்குப் பல ஆயிரம் தடவை செய்தபடியே சிக்னலைப் பிடிக்கிறது. சூப்பர் ரீஜெனரேட்டிவ் என்பார்கள். எதிரில் யாரும் பேசாதபோது இந்த செட் சும்மா இருக்காது. தகரக் கூரையில் மழை பெய்கிற மாதிரி சோவென்று இரைந்துகொண்டே இருக்கும். எதிர் செட்டில் பொத்தானை அழுத்தியதும் அந்த இரைச்சல் சட்டென்று அடங்கும். பேச்சு அதற்கு அப்புறம்தான் வரும்.

பேட்டரியை மிச்சம் பிடிக்க நாங்கள் அந்த அடக்கத்தையே பாஷையாக்கிக்கொண்டோம். வாய் திறக்காமல் பொத்தானை மட்டும் அழுத்தி விடுவது. ஒரு தடவை அடங்கினால் ‘சாப்பிட்டாச்சு’. இரண்டு தடவை அடங்கினால் ‘நாளைக்கு வர்றேன்’. முகப்பில் இருந்த மோர்ஸை நாங்கள் தொடவே இல்லை.

அப்புறம் பள்ளிக்கூடத்திலிருந்து ஊட்டிப் பக்கம் முத்தோரையில் இருக்கும் ரேடியோ தொலைநோக்கியைப் பார்க்கக் கூட்டிப்போனார்கள். 1970ல் கட்டி முடித்தது, 530 மீட்டர் நீளம், 30 மீட்டர் அகலம். மலைச்சரிவின் சாய்வு அந்த இடத்தின் அட்சரேகையோடு, அதாவது சுமார் 11 டிகிரியோடு, ஒத்துப்போவதால்தான் அந்த இடத்தைத் தேர்ந்தெடுத்தார்கள். பேராசிரியர் கோவிந்த் ஸ்வரூப் திட்டமிட்டது. வானத்திலிருந்து வரும் சிக்னல் இரைச்சலுக்குள் புதைந்து கிடக்கும், அதைத்தான் பிரித்தெடுக்கிறோம் என்று அங்கே சொன்னார்கள். எனக்கு உடனே எங்கள் செட்டின் சோவென்ற சத்தம்தான் காதில் கேட்டது. என்ன படிக்கப் போகிறேன் என்று அன்றைக்கே எனக்குத் தெரிந்துவிட்டது.

அந்த ஜோடியில் ஒன்றைக் கெடுத்தவளும் நான்தான். டிப்ளமோ இரண்டாம் வருடம், கைக்கு ஈயம் வைத்துப் பற்றவைக்கப் பழகியிருந்தது. தூரம் இன்னும் கூட்டலாம் என்று என் செட்டைத் திறந்து, காயிலுக்குள், அதாவது கம்பிச் சுருளுக்குள், டியூனிங்குக்காக இருக்கும் ஃபெரைட் திருகை இரும்பு ஸ்குரூடிரைவரால் திருகினேன். தொழிற்சாலையில் அது அசையாமலிருக்க மெழுகு ஊற்றியிருப்பார்கள். மெழுகை இளக்காமல் திருகியதில் திருகு இரண்டாகப் பிளந்து உள்ளேயே சிக்கிக்கொண்டது. செட் ஊமையானது. அண்ணன் ஒரு வார்த்தை சொல்லவில்லை. தன் செட்டை எடுத்துக்கொண்டு திருப்பூருக்கு வேலைக்குப் போய்விட்டான். முப்பது வருடத்துக்கும் மேல் என் செட் பரணில் கிடந்தது.

அவனுடைய செட்டுக்கு வேறு கதை. பத்து வருடம் முன்னால் ஆசையாக ஒரு கடையில் கொடுத்திருக்கிறான். பேட்டரி கிளிப் துருப்பிடித்திருந்ததால் புதுக் கிளிப் மாற்றியவர்கள் சிவப்பையும் கறுப்பையும் மாற்றி வைத்து ஆன் செய்திருக்கிறார்கள். ஒரு டிரான்சிஸ்டர் போய்விட்டது. ‘இதுக்கெல்லாம் இப்போ பார்ட்ஸ் வராது’ என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். இதைப் போன வருடம் தீபாவளிக்கு வந்தபோதுதான் என்னிடம் சொன்னான். செட்டைப் பையிலேயே வைத்திருந்தான்.

பார்ட்ஸ் வராது என்பது உண்மை இல்லை. அதை அழுத்திச் சொல்லத்தான் இவ்வளவும் எழுதுகிறேன். இந்த செட்டுக்குள் இருப்பவை ரேடியோ கடை டப்பாவில் இன்றும் கிடக்கிற சாமான்கள்தான். போன டிரான்சிஸ்டருக்குப் பதில் பிஎஃப் 494 போட்டேன். அதன் கால்களின் வரிசை பழையதிலிருந்து மாறும், பார்த்துத்தான் வைக்க வேண்டும். மின்சாரத்தைத் தேக்கித் தரும் எலக்ட்ரோலிடிக் கண்டன்சர் நான்கும் உள்ளே காய்ந்திருந்தன. பேச்சு கிணற்றுக்குள்ளிருந்து வருகிற மாதிரி இருந்தால் முதல் சந்தேகம் இவற்றின்மேல்தான் விழ வேண்டும். புதிதாகப் போட நான்குக்கும் சேர்த்து இருபது ரூபாய்கூட ஆகவில்லை.

பேட்டரி கிளிப்பைப் பற்றி ஒரு வார்த்தை. நம் மலையின் ஈரத்துக்கு அதுதான் முதலில் பலியாகும். வெளியே ஒயர் சிவப்பாக, நன்றாகவே தெரியும். முனையில் உறையைச் சீவிப் பார்த்தால் உள்ளே செம்பு கறுத்துப் பொடியாக உதிரும். அந்தக் கறுப்பில் ஈயம் ஒட்டாது. கறுப்பு இருக்கிற வரைக்கும் வெட்டி எறிந்துவிட்டுப் புது ஒயர்தான் போட வேண்டும்.

அடுத்தது பேசும் பொத்தான். இந்த செட்டுகளில் தனி மைக் கிடையாது. ஸ்பீக்கர்தான் மைக். பொத்தானை அழுத்தினால் உள்ளே ஒரு சறுக்கு சுவிட்ச் ஒரே நேரத்தில் நான்கைந்து இணைப்புகளை மாற்றுகிறது. ஸ்பீக்கர் மைக்காகிறது, ஏரியல் அனுப்பும் பக்கம் போகிறது. அந்தத் தகடுகளில் களிம்பு பிடித்தால் செட் பேசும், கேட்காது. அல்லது கேட்கும், பேசாது. என்னிடம் வந்த செட்டுகளில் பாதிக்குமேல் நோய் இவ்வளவுதான். ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்த கெட்டிக் காகிதத் துண்டைத் தகடுகளுக்கு நடுவே விட்டு, பொத்தானை ஐம்பது தடவை அழுத்தி விட்டால் காகிதம் கறுப்பாக வெளியே வரும். சுவிட்ச் பிழைத்துவிடும்.

கிரிஸ்டல்தான் கொஞ்சம் அலைய வைத்தது. அனுப்பும் அலைவரிசையைத் தீர்மானிக்கிற குவார்ட்ஸ் துண்டு அது. தகர டப்பிக்குள் இருக்கும், மேலே எண் பொறித்திருக்கும். எங்களுடையது 27.125 மெகாஹெர்ட்ஸ். செட் கீழே விழுந்தால் முதலில் உடைவது இதுதான். அண்ணன் செட்டின் கிரிஸ்டல் காதருகே ஆட்டினால் உள்ளே கிலுகிலுத்தது. பழைய இரும்புக் கடையில் ரிமோட் கார் பொம்மையின் ரிமோட் ஒன்று கிடைத்தது, விலை இருபது ரூபாய். அதில் 27.145 கிரிஸ்டல் இருந்தது. இரண்டுக்கும் 0.02 மெகாஹெர்ட்ஸ் வித்தியாசம். நல்ல செட்டாக இருந்தால் இது பெரிய தூரம். எங்கள் செட்டின் காது அகலம், அதைப் பொருட்படுத்தவில்லை. அதே ரிமோட்டின் காயிலில் இருந்த ஃபெரைட் திருகு, நான் அன்றைக்கு உடைத்த திருகின் இடத்தில் சரியாக உட்கார்ந்தது. இந்தத் தடவை ஹேர் டிரையரால் மெழுகை இளக்கி, உடைந்த துண்டை எடுத்து, மூங்கில் குச்சியைத் தட்டையாகச் சீவி அதால் திருகினேன். இரும்பு உடைக்கும் என்பது மட்டுமில்லை. இரும்பு காயிலுக்குள் இருக்கிற வரை ஒரு டியூனிங், வெளியே எடுத்தால் வேறு டியூனிங். மூங்கிலால் அந்தத் தொல்லை இல்லை.

இனி சோதிப்பது. நிறையப் பேர் இரண்டு செட்டையும் ஒரே மேசையில் வைத்து ஒன்றில் பேசிப் பார்க்கிறார்கள். உடனே காது கிழிகிற மாதிரி கூவுகிறது. ‘கெட்டுப்போச்சு’ என்று மூடிவிடுகிறார்கள். ஒன்றின் ஸ்பீக்கர் சத்தம் மற்றதின் மைக்குக்குள் போய்ச் சுற்றுவதால் வருகிற கூவல் அது. உண்மையில் இரண்டும் வேலை செய்கின்றன என்பதற்கு அதைவிடச் சாட்சி வேண்டாம்.

நான் முதலில் மல்டிமீட்டரை பேட்டரியோடு தொடராக வைத்துப் பார்த்தேன். செட் எடுக்கிற மின்சாரம் கேட்கும்போது 11 மில்லியாம்பியர், பேசும்போது 24. இரண்டு செட்டும் ஏறக்குறைய ஒரே மாதிரி. அடுத்து, பழைய டேப் ரெக்கார்டரில் சத்த அளவு காட்டும் முள் மீட்டர் இருக்குமே, அதோடு, சிக்னலை முள் அசைக்கும் மின்சாரமாக மாற்ற ஓஏ 79 டயோடு ஒன்றும் முழ நீள ஒயரும் சேர்த்துக்கொண்டேன். பேட்டரிகூட வேண்டாம். ஏரியல் பக்கத்தில் பிடித்துப் பொத்தானை அழுத்தியதும் முள் எழுந்தது. திருகை முள் அதிகமாக எழுகிற இடத்தில் நிறுத்தினேன். செட்டை மேசையில் வைத்து இதைச் செய்யக்கூடாது, கையில் பிடித்துத்தான் செய்ய வேண்டும். 27 மெகாஹெர்ட்ஸின் அலை 11 மீட்டர் நீளம். அதற்குக் கால் பங்கு ஏரியல் என்றாலும் இரண்டே முக்கால் மீட்டர் வேண்டும். முழ நீள ஏரியலை வைத்துக்கொண்டு இந்த செட் ஒப்பேற்றுவது, பிடித்திருக்கிற நம் உடம்பும் அதன் பாதி ஏரியலாக நிற்பதால்தான்.

கடைசிச் சோதனை நடந்து பார்ப்பது. கூடப் பேச ஆள் இல்லாததால் அண்ணன் செட்டின் பேசும் பொத்தானையும், மோர்ஸ் அனுப்ப ஊதல் எழுப்புகிற இன்னொரு பொத்தானையும் ரப்பர் பேண்டால் கட்டி ஜன்னல் கட்டையில் வைத்துவிட்டு, என் செட்டோடு ரோட்டில் இறங்கினேன். மோர்ஸ் ஊதல் கேட்டுக்கொண்டே வந்தது. தகரக் கூரை போட்ட ஷெட்டுக்குப் பின்னால் போனதும் காணோம். ஷெட்டைத் தாண்டி, சரிவு திறந்த இடத்துக்கு வந்ததும் மறுபடி கேட்டது. மேட்டு நிலமும் நேர்ப் பார்வையும் இருந்தால் நம் மலையில் இந்தப் பொம்மை போகிற தூரம் சமவெளியில் போகாது. பனிமூட்டம் வந்தால் சிக்னல் போகாது என்று சின்ன வயதில் நானும் அண்ணனும் நம்பினோம். இந்த அலைக்கு மூட்டம் ஒரு தடையே இல்லை. குளிரில் துத்தநாக பேட்டரி சோர்ந்துபோகும், அதைத்தான் மூட்டத்தின்மேல் போட்டிருக்கிறோம்.

சில மத்தியானங்களில் அந்த நாளில் புரியாத பாஷை கேட்கும். பேய் என்று அத்தை செட்டை வாங்கி வைத்துவிடுவார். சூரியனில் கரும்புள்ளிகள் அதிகமாகும் வருடங்களில் 27 மெகாஹெர்ட்ஸ் வானத்தில் பட்டுத் திரும்பி வெகுதூரம் வரும். கரும்புள்ளிகள் ஏறி இறங்கும் அந்தச் சுற்றின் உச்சம் 1979ல் வந்தது. 1982லும் அது முழுக்கத் தணியவில்லை. 2024ல் மறுபடி ஓர் உச்சம் வந்தது. ஆகவே பழைய செட்டைச் சரி செய்து, தெரியாத குரல் கேட்டால் பயப்பட வேண்டாம்.

சட்டம் பற்றியும் சொல்லிவிடுகிறேன். பிள்ளைகளுக்கு இணையத்தில் பெரிய வாக்கி டாக்கி வாங்கிக் கொடுக்கிற பெற்றோர் என் கடைக்கு வருகிறார்கள். போலீஸும் வனத்துறையும் பேசுகிற அலைவரிசையில் வேலை செய்கிற செட்டுகள் அவற்றில் இருக்கின்றன. அதை லைசென்ஸ் இல்லாமல் தொடவே கூடாது. அலைவரிசை விவரம், லைசென்ஸ் விவரம் சொல்லாமல் விற்றதற்காக 2025 மே மாதத்தில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் இணைய விற்பனைத் தளங்களுக்கு நோட்டீஸ் அனுப்பியது. 26.957 முதல் 27.283 மெகாஹெர்ட்ஸ் வரையான பட்டைக்கு, 5 வாட்டுக்கு மிகாத செட் என்றால், 2005ஆம் வருட விதிப்படி லைசென்ஸ் வேண்டாம். எங்கள் செட் பேட்டரியிலிருந்து எடுப்பதே கால் வாட்டுக்குக் குறைவு. வெளியே போவது அதிலும் ஒரு பங்குதான். இதே காலத்து செட்டுகளில் 49 மெகாஹெர்ட்ஸ் என்று போட்டவையும் உண்டு. அவை இந்தப் பட்டைக்குள் வராது. அவற்றைச் சரி செய்ய நான் மறுத்துவிடுகிறேன். ஞாபகத்துக்கு வீட்டில் வைத்துக்கொள்ளட்டும்.

மாசி மாதம் அண்ணன் வந்தான். காலை ஒன்பது மணி, வானம் துடைத்து விட்டது போல் இருந்தது. அவன் செட்டை எடுத்துக்கொண்டு எதிர்ச்சரிவுக்குப் போனான். அத்தை வீடு இப்போது இல்லை, அந்த இடத்தில் காய்கறித் தோட்டம். நான் பழைய லயத்துப் பின்பக்கம் நின்றேன். ஏரியலை முழுக்க இழுத்துவிட்டு செட்டைப் போட்டதும் அந்த மழைச் சத்தம் வந்தது. ‘ஹலோ’ என்பான் என்று காத்திருந்தேன். அவன் பேசவில்லை. சத்தம் ஒரு தடவை அடங்கியது. திரும்ப இரைந்தது. மறுபடி அடங்கியது. அப்புறம்தான், ‘பாப்பா, கேக்குதா?’ என்றான். எனக்குக் கொஞ்ச நேரம் பொத்தானை அழுத்த முடியவில்லை.

படத்தில் இருந்த அந்த ஒற்றை செட்டுக்கு வருகிறேன். அண்ணன் தம்பி, அக்கா தங்கை பிரிந்து போகும்போது ஆளுக்கு ஒன்றாக எடுத்துக்கொண்ட செட்டுகள் இந்த மலையில் எத்தனையோ வீட்டுப் பரணில் ஒற்றையாகக் கிடக்கும். ஜோடி இல்லையே என்றுதான் பலரும் தூக்கிப் போடுகிறார்கள். இரண்டும் ஒரே கம்பெனியாக இருக்க வேண்டியதே இல்லை. இந்த மாதிரி விளையாட்டு செட்டாக இருந்து, பின்பக்கத்திலோ கிரிஸ்டல் மேலோ 27 என்று ஆரம்பிக்கும் எண் இருந்தால், பெரும்பாலும் யாருடைய செட்டும் யாருடைய செட்டோடும் பேசும். கோத்தகிரி கிளை நூலகத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒரு மேசையும் பிளக் பாயிண்டும் தர அனுமதித்தால், வருகிற செட்டுகளை நான் கூலி வாங்காமல் பார்த்து, ஒற்றையும் ஒற்றையும் சேர்த்துத் தருகிறேன். நூலகரிடம் நானே போய்க் கேட்கிறேன். தேதி முடிவானதும் எழுதுகிறேன், உங்கள் நீலகிரிப் பக்கத்தில் இரண்டு வரி போட வேண்டும். சாமான் வண்டிக்காரர்களும் அதுவரை இந்த செட்டுகளை உடைக்காமல் தனியாக எடுத்து வைத்தால் பெரிய உதவி.

வருகிறவர்கள் பழைய பேட்டரியைக் கழற்றிவிட்டு செட்டை மட்டும் கொண்டுவாருங்கள். புது 9 வோல்ட் பேட்டரி என் செலவு.

இப்படிக்கு,
ஒரு ரேடியோ மெக்கானிக் வாசகி,
கோத்தகிரி.